கடன் யாருடையது?

2007 அக்டோபர் 31 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கூட்டாட்சி நீதிபதி கிறிஸ்டோபர் பாய்கோ ஒரே உத்தரவில் 14 வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். தவணை தவறிய வீடுகளை ஏலத்தில் விற்க அனுமதி கேட்டு அவற்றைத் தொடுத்தது டாய்ச் வங்கியின் துணை நிறுவனம். கடன் பாக்கி உண்டா என்பதற்குள் நீதிபதி போகவே இல்லை. வழக்குப் போட்ட நாளில் கடன் பத்திரம் உங்களுடையதுதானா என்று கேட்டார். வங்கி காட்டிய உரிமை மாற்றப் பத்திரங்களால் அதை நிரூபிக்க முடியவில்லை.

வீட்டுக்கடனைக் கொடுத்தவரே அதை வைத்திருந்த காலம் அப்போது மலையேறியிருந்தது. ஆயிரக்கணக்கான கடன்களைத் திரட்டி, ‘டிரஸ்ட்’ எனப்படும் நிதி அமைப்புகளுக்கு மாற்றி, முதலீட்டாளர்களிடம் பங்கு போட்டு விற்றார்கள். கடன் கைமாறிய வேகத்துக்குக் காகிதம் ஈடுகொடுக்கவில்லை.

‘வாங்கிய கடனைக் கட்டாதவருக்குச் சட்ட நுணுக்கம் அடைக்கலமா?’ என்று வங்கித் தரப்பு கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால், பாய்கோவின் உத்தரவு எவருடைய கடனையும் ரத்து செய்யவில்லை. ஆவணங்களைச் சரிசெய்துகொண்டு மீண்டும் வர வங்கிக்குத் தடையில்லை. உரிமையற்றவர் வீட்டை விற்றால், கடனின் உண்மையான உரிமையாளர் நாளை வந்து நிற்கலாம். ஏலத்தில் வாங்கியவரின் பட்டாவும் ஆட்டம் காணும். மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2011இல் இதே குறைக்காக, முடிந்துபோன ஏல விற்பனைகளையே செல்லாதென்றது.

இது ஒரு வங்கியின் கவனக்குறைவு மட்டுமல்ல. கோப்பைப் படிக்காமலேயே கடன் நிறுவனங்களின் ஊழியர்கள் பிரமாணப் பத்திரங்களில் கையெழுத்திட்டுத் தள்ளியது 2010இல் அம்பலமானது. இத்தகைய முறைகேடுகள் தொடர்பாக 2012இல் ஐந்து பெரிய வீட்டுக்கடன் நிறுவனங்கள் 49 மாநிலங்களுடனும் மத்திய அரசுடனும் சுமார் 2,500 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. வழக்குத் தொடுக்கும் நாளிலேயே உரிமை இருந்தாக வேண்டும் என்று ஒஹையோ உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு சொன்னது.

பாய்கோ உத்தரவின் முக்கியத்துவம் அவர் கேட்ட கேள்வியில் மட்டுமல்ல, கேட்ட கட்டத்திலும் இருக்கிறது. வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவர் பெரும்பாலும் வக்கீல் வைக்க வழியில்லாதவர். பலர் நீதிமன்றப் படியே ஏறுவதில்லை. எதிர்தரப்பு ஆட்சேபித்தால்தான் ஆவணத்தைப் பார்ப்போம் என்றால், பல வழக்குகளில் யாருமே பார்க்கப் போவதில்லை. எனவே, உரிமைச் சான்று இல்லாத மனுவை நீதிமன்றமே வாசலில் நிறுத்த வேண்டும். ஒப்பந்தத்தைக் காட்டித்தான் வங்கி வீட்டைக் கேட்கிறது. அந்த ஒப்பந்தம் தன்னுடையது என்று நிரூபிப்பது அதன் முதல் கடமை.