பார்ட் வரணும் தம்பி!

நியூயார்க் குளிர் என்றதும் பனிப்பொழிவு, ஸ்வெட்டர், சூடான காபி என்று படம் காட்டப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். இது முழுக்க முழுக்க வயிற்றெரிச்சல். பனி ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வரைதான் அழகு.

போன ஜனவரியில் எங்கள் வீட்டில் 11 நாள் ஹீட்டிங் கிடையாது. குயீன்ஸில் ஃப்ளஷிங் பக்கம், மூன்று மாடி, ஆறு வீடுகள் உள்ள பழைய கட்டடம். பேஸ்மென்டில் ஒரே ஒரு பாய்லர். அது ஓடினால் ஆறு வீட்டு ரேடியேட்டரும் சுடும். நின்றால் ஆறு வீடும் விறைக்கும். நாங்கள் நான்கு மாணவர்கள் இரண்டாவது மாடியில். வீட்டு ஓனர் நம்ம ஊர்க்காரர். சத்தியமாக அதற்காகத்தான் அந்த வீட்டைப் பிடித்தோம். அட்வான்ஸ் கொடுத்த அன்றைக்கே, "ஓனர் கீனர்னு சொல்லாதீங்க தம்பி, அங்கிள்னே கூப்பிடுங்க" என்றார். புல்லரித்துப் போனோம். ஜனவரியில் வேறு காரணத்துக்காகப் புல்லரித்தது.

முதல் நாள் போன் செய்தேன். "பாய்லர்ல ஒரு பார்ட் போயிடுச்சு தம்பி, ஆர்டர் பண்ணியாச்சு."

மூன்றாம் நாள்: "பார்ட் வரணும் தம்பி."

ஐந்தாம் நாள்: "நியூ ஜெர்சியிலேர்ந்து வந்துக்கிட்டிருக்கு தம்பி." (நியூ ஜெர்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அந்தப் பார்ட் நடந்தே வந்திருந்தாலும் வந்து சேர்ந்திருக்கும்.)

ஏழாம் நாள் போனையே எடுக்கவில்லை. எட்டாம் நாள் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை நேரிலேயே பிடித்தேன். "நாங்க வந்த காலத்துல ஒரே ரூம்ல ஆறு பேர் படுத்துக் கிடந்தோம் தம்பி. உங்க வயசுக்கு இதெல்லாம் ஒரு குளிரா? கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்றார்.

நானும் "சரி அங்கிள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுதான் வெட்கக்கேடு. அன்று காலை என் அறையில் 49 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 9 டிகிரி செல்சியஸ். மாதம் பிறந்தால் முதல் தேதி வாடகை கொடுக்கிற ஒருவன், கட்டிலில் ஜாக்கெட்டோடும் குல்லாவோடும் படுத்துவிட்டு, ஓனரிடம் "சரி அங்கிள்" என்கிறான்!

இந்த ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். அக்டோபர் 1 முதல் மே 31 வரை இங்கே ஹீட்டிங் காலம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, வெளியே 55 டிகிரிக்குக் கீழே போனால் (சுமார் 13 செல்சியஸ்) வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி (20 செல்சியஸ்) இருக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை, வெளியே எவ்வளவு இருந்தாலும் சரி, உள்ளே குறைந்தது 62 டிகிரி (சுமார் 17 செல்சியஸ்). இந்த இரவுக் கணக்கு 2017இல் கடுமையாக்கப்பட்டது. "பார்ட் வரும் வரை பரவாயில்லை" என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஹீட்டிங் இல்லாதது நகர வீட்டுவசதித் துறையின் பட்டியலில் 'சி' வகை மீறல். உடனடி ஆபத்து என்று அர்த்தம். ஓனர் சரி செய்யாவிட்டால் நகரமே ஆள் வைத்து ரிப்பேர் பார்த்துவிட்டு அவருக்கு பில் அனுப்பலாம். குடியிருக்கத் தகுந்த வீட்டைத் தருவது ஓனரின் கடமை என்று 1975இலேயே மாநிலச் சட்டம் வந்துவிட்டது. "அந்த உரிமை எனக்கு வேண்டாம்" என்று அக்ரிமென்ட்டில் நாம் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, ஏன் 11 நாள்? இங்கேதான் நான் சண்டைக்கு வருகிறேன்.

தாமதம் என்பது மறதியோ சோம்பேறித்தனமோ இல்லை மக்களே. அது வருமானம். பாய்லர் ஓடாத ஒவ்வொரு நாளும் ஓனருக்கு எண்ணெய்க் காசு மிச்சம். அவசரத்துக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் கூலி அதிகம், மெதுவாகக் கூப்பிட்டால் குறைவு. வாடகையோ முழுசாக வந்து சேர்கிறது. நாம் கொடுப்பது சூடான வீட்டுக்கான வாடகை, வாங்குவது குளிர்ந்த வீடு. நடுவில் இருக்கிற வித்தியாசம் யார் பையில் போகிறது? நாம் புகார் கொடுக்காத வரை தாமதத்தால் அவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. அந்தக் கணக்கில் நம்முடைய மரியாதையும் ஒரு வரி. 'பையன்கள் நல்ல பையன்கள், ஒன்றும் செய்ய மாட்டார்கள்.'

"அவரும் பாவம், பெரிய கம்பெனியா வெச்சிருக்கார், ஒரே ஒரு கட்டடம்" என்றான் என் ரூம்மேட். ஒத்துக்கொள்கிறேன். பாய்லர் உடைவது யாருடைய குற்றமும் இல்லை. பார்ட் கிடைக்க இரண்டு நாள் ஆகலாம். ஆனால் அந்த இரண்டு நாளுக்கு நல்ல ஹீட்டர் வாங்கிக் கொடுத்திருக்கலாம், வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம், குறைந்தபட்சம் போனையாவது எடுத்திருக்கலாம். இது எதுவுமே செய்யாத மனிதர் நம்மிடம் கேட்பதுதான் 'அனுசரிப்பு'. இந்த வார்த்தையை எப்போதும் மேலே இருப்பவர்தான் கீழே இருப்பவரிடம் சொல்கிறார். ஒன்றாம் தேதி வாடகை கொடுக்காமல் "கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க அங்கிள், பணம் நியூ ஜெர்சியிலேர்ந்து வந்துக்கிட்டிருக்கு" என்று சொல்லிப் பாருங்கள் :-)

இன்னொரு ரூம்மேட்டின் பயம் வேறு. "நாம ஸ்டூடன்ட் விசாவுல இருக்கோம்டா, எதுக்கு வம்பு?" நம் பையன்களில் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு நடுங்குவது இதனால்தான். ஹீட்டிங் புகாருக்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீட்டு விஷயத்தில் குடியேற்ற நிலையை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று இந்த நகரத்தின் மனித உரிமைச் சட்டமே சொல்கிறது. புகார் கொடுத்ததற்காகக் குடித்தனக்காரரைப் பழிவாங்குவதும் சட்ட விரோதம். 2019இல் திருத்திய சட்டப்படி, நியாயமான புகாருக்குப் பிறகு ஓராண்டுக்குள் ஓனர் வெளியேற்ற நினைத்தால் அது பழிவாங்கல் இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கதைக்கு வருகிறேன். எட்டாம் நாள் இரவு படிக்கட்டில் வயர் கருகுகிற நாற்றம். கீழ் வீட்டில் ஒரு பாட்டி, ஈக்வடாரைச் சேர்ந்தவர், சின்னப் பேரனோடு இருக்கிறார். கதவைத் தட்டினோம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய எலக்ட்ரிக் ஹீட்டர், அதை ஒரு மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயரில் சொருகியிருந்தார்கள். பிளக் உருகிப் போயிருந்தது. சமையலறையில் அடுப்பின் அவன் கதவைத் திறந்து வைத்து எரிய விட்டிருந்தார்கள், சூட்டுக்காக. கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது பிராங்க்ஸ். 2022 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை. ட்வின் பார்க்ஸ் என்ற 19 மாடிக் குடியிருப்பில் ஒரு எலக்ட்ரிக் ஹீட்டரில் தீப்பிடித்தது. தானாக மூட வேண்டிய கதவுகள் மூடவில்லை, புகை மாடி மாடியாக ஏறியது. 17 பேர் செத்தார்கள், அதில் 8 பேர் குழந்தைகள். பல குடும்பங்கள் காம்பியாவிலிருந்து வந்தவை. கட்டடத்தில் ஹீட்டிங் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்றார்கள் அதிகாரிகள். அது போதவில்லை என்றார்கள் குடியிருந்தவர்கள். ஹீட்டிங் ஒழுங்காக இருக்கிற வீட்டில் யார் கட்டில் பக்கத்தில் ஹீட்டரை வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள்? "சரி அங்கிள்" என்று நான் சொன்னது எனக்காக மட்டும் சொன்னதில்லை, கீழ் வீட்டுப் பாட்டிக்கும் அந்தக் குழந்தைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பாட்டி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். தேதி, மணி, வீட்டுக்குள் எத்தனை டிகிரி, எல்லாம் எழுதியிருந்தார். பேரன் இங்கிலீஷில் சொன்னான், 311க்கு ஏற்கனவே இரண்டு முறை போன் செய்தாயிற்றாம். எம்.எஸ். படிக்கிற நாங்கள் நான்கு பேர் செய்யாததை, இங்கிலீஷ் தெரியாத பாட்டி செய்திருந்தார்!

நகரத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. 311க்குப் புகார் போனதும் முதலில் ஓனருக்குத்தான் தகவல் போகிறது. பிறகு நம்மைக் கூப்பிட்டு "சூடு வந்துவிட்டதா?" என்று கேட்கலாம். வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் புகார் முடிந்தது. இரண்டு மணி நேரம் பாய்லரை ஓட்டிவிட்டு மறுபடி அணைப்பவர்களுக்கு இது எவ்வளவு வசதி! இன்ஸ்பெக்டர் வரும்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அவரால் ஒன்றும் பார்க்க முடியாது. நாமோ அந்த நேரத்தில் கிளாஸில் இருப்போம். குளிருக்கான சாட்சியைக் குளிரில் நடுங்குகிறவனே சேர்க்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஆனால் அந்த நியாயம் மாறும் வரை சாட்சி சேர்க்கத்தான் வேண்டும். அன்றிரவே ஆறு வீட்டுக் கதவையும் தட்டினோம். ஆறு வீட்டிலிருந்தும் தனித்தனியாக 311க்குப் புகார். ஒரு பத்துப் பன்னிரண்டு டாலர் தெர்மாமீட்டரின் போட்டோக்கள். ஓனருக்கு ஆறு வீட்டுக் கையெழுத்தோடு ஒரு கடிதம், ரெஜிஸ்டர் தபாலில். அதில் நான் 'அங்கிள்' என்று எழுதவில்லை. பத்தாம் நாள் பகல் இன்ஸ்பெக்டர் வந்தபோது கதவைத் திறந்தது பாட்டிதான். 'சி' வகை மீறல் எழுதப்பட்டது.

பதினோராம் நாள் மாலை ரேடியேட்டர் உஸ்ஸென்று சத்தம் போட்டது. பத்து நாளாக வராத பார்ட் ஒரே நாளில் வந்து சேர்ந்துவிட்டது! நியூ ஜெர்சியில் திடீரென்று வழி கண்டுபிடித்துவிட்டார்கள் போல.

ஓனர் போன் செய்தார். "நம்ம ஆளுங்களே இப்படிப் பண்ணலாமா தம்பி?" என்றார். நம்ம ஆளுங்க என்பது அவருக்கு வாடகை வாங்கும்போதும் புகார் வந்தபோதும்தான் ஞாபகம் வருகிறது. நடுவில் இருந்த பத்து நாளும் நாங்கள் யாருடைய ஆளுங்களாக இருந்தோம்? இதை நான் அவரிடம் கேட்கவில்லை. "இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

பி.கு: புதிதாக வருகிற பையன்களுக்கு இரண்டு விஷயம். போனில் பேசியது காற்றோடு போகும், மெசேஜாகவோ ஈமெயிலாகவோ அனுப்புங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள், ஓனர் வாடகை பாக்கி என்று நம் மேல் கேஸ் போடலாம். அதற்குப் பதில் ஹவுசிங் கோர்ட்டில் ரிப்பேர் கேட்டு நாமே வழக்குப் போடலாம், வக்கீல் இல்லாமலே முடியும். தெர்மாமீட்டரை அக்டோபரிலேயே வாங்கி வையுங்கள். ஜனவரியில் வாங்கப் போனால் கை விறைத்திருக்கும்.