கைப்பிடிக்குச் சூடு வேண்டுமா?

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துத் தோட்டக்கார அங்கத்தினர் சிலர், சங்கத்தின் பொதுப் பணத்தில் மரம் அறுக்கும் மிஷின் ஒன்று வாங்கி, அங்கத்தினருக்குக் குறைந்த வாடகைக்கு விட வேண்டும் என்று கேட்டு வருகின்றனர். கோரிக்கை நியாயமானதே. மலையடிவாரத் தோப்புகளில் காய்ப்பு ஓய்ந்த முதிய மாமரங்கள் நிற்கின்றன. கூன்வண்டு துளைத்துப் பட்டுப்போன தென்னைகளும் அகற்றுவாரின்றி நிற்கின்றன. இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் பழைய ரம்பத்துக்கு ஆள் அகப்படுவது அரிதாகிவிட்டது. ஒருவர் தனியே வாங்கி ஆண்டில் பத்து நாள் உபயோகித்து மூலையில் போடுவதைவிடப் பலர் கூடி ஒன்றை வாங்குவதே கூட்டுறவு முறை.

எந்த மிஷின் என்ற பேச்சு எழுந்தபோது, கைப்பிடி சூடேறும் மாதிரியையே வாங்கலாம் என்று ஓர் அன்பர் யோசனை கூறினார். மார்கழி விடியலில் கை விறைக்காது. விலை சற்றுக் கூடினாலும் மேலான சாமான்தானே என்பது அவர் வாதம். முதலில் நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. பின்னர் விசாரித்துப் பார்த்ததில், அந்தச் சூடு எதற்காக ஏற்பட்டது என்பதை அறியாமல் சிரித்தது நம் பிழையே என்று தெரிந்துகொண்டோம்.

ஸ்வீடன், பின்லாந்து, கனடா முதலிய நாடுகளில் குளிர்காலமே மரம் வெட்டும் காலம். சதுப்பு நிலமும் உறைந்து கல்லாகிவிடுவதால் அடிமரங்களை இழுத்துச் செல்வது அப்போது எளிது. ஆனால் குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் இறங்கும். ஆகவே எஞ்சினின் சுழல்சக்கரத்தருகே சிறிய மின்னாக்கி ஒன்றை வைத்து, அதன் மின்சாரத்தைக் கைப்பிடிகளுக்குள் பதித்த கம்பியில் ஓட்டிச் சூடாக்குகிறார்கள். ஹஸ்க்வர்னா மிஷின்களில் மாதிரி எண்ணின் இறுதியில் வரும் 'ஜி' என்ற எழுத்தும், ஸ்டில் மிஷின்களில் வரும் 'டபிள்யூ' என்ற எழுத்தும் இவ்வசதியைக் குறிப்பவை.

இது வெறும் சுகத்துக்கான ஏற்பாடன்று. அதிரும் கருவியை ஆண்டுக்கணக்கில் பிடிப்பவரின் விரல்களில் நரம்பும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. அதன்மேல் குளிர் பட்டால் குழாய்கள் சுருங்கி, விரல்கள் இரத்தமற்று வெண்மையாகி மரத்துப்போகின்றன. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், காற்றழுத்த உளி பிடித்துச் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளரிடம் இந்நோயை ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார் 1918-இல் ஆராய்ந்து எழுதினார். 1960-களில் ஜப்பானிய அரசுக் காடுகளில் சங்கிலி வாள் பிடித்தவர்களிடையே இது பெருவாரியாகக் காணப்பட்டது. இறுதியில் அங்கே ஒருவர் நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் அதைப் பிடிக்கலாகாது என்று வரையறுக்க வேண்டியதாயிற்று. இந்நோயைத் தூண்டிவிடும் குளிரைத் தடுப்பதே சூடேறும் கைப்பிடியின் வேலை. நோய்க்குக் காரணமான அதிர்வை அது தடுப்பதில்லை.

நம் ஊர் நிலைமைக்கு வருவோம். இங்கே தை மாதத்து இரவிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். மேற்கு மலைக் காற்று வீசும் விடியலில் துண்டைத் தலையில் கட்டிக்கொள்கிறோமேயன்றி, விரல் விறைத்து வேலை நின்றதாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. உறைபனி விழும் நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில்கூட, வெயில் ஏறும்வரை ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் நிழல்மரங்களின் கிளையைக் கழித்துவிடலாம். 2019 நவம்பரில் பருவம் தப்பிப் பெய்த பனியில் ஆப்பிள் மரங்கள் முறிந்து விழுந்த காஷ்மீரத்துத் தோட்டக்காரர் அக்கைப்பிடியைக் கேட்டால் அது பொருந்தும். நமக்கு அது வீண் செலவு. கம்பி அறுந்தால் பழுதுபார்க்க ஆள் தேடி அலையவும் வேண்டும். பனிநாட்டுக்கென்று அமைந்த சில மிஷின்களில், எஞ்சினின் வெதுவெதுப்பான காற்றையே உள்ளிழுக்கச் செய்யும் திருப்பு ஒன்றும் உண்டு. அது குளிர்கால நிலையிலேயே கிடக்க நம் பங்குனி வெயிலில் ஓட்டினால் எஞ்சின் காய்ந்து தொல்லை தரும்.

ஆனால் அதிர்வு நம் ஊரிலும் அதிர்வுதான். வெப்ப நாடுகளில் விரல் வெளுப்பது குறைவு. மரத்துப்போதலும் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் இங்கும் வரக்கூடியவையே. இதன் பொருளை நெசவாளர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பாவில் அறுந்த இழையை விரல் நுனியால் தடவியறிந்து முடிச்சிடுகிறவர்கள் அவர்கள். அந்த உணர்வு போனால் மிஞ்சுவது என்ன?

ஆகவே சூட்டுக்குக் கொடுக்க எண்ணிய பணத்தை அதிர்வைக் குறைப்பதற்குக் கொடுக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். நல்ல மிஷினில் எஞ்சினுக்கும் கைப்பிடிக்கும் இடையே சுருள்வில்லோ ரப்பரோ இருக்கும். இடக்கை, வலக்கைப் பிடிகளின் அதிர்வு அளவு கையேட்டில் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். விலையைப் பார்க்குமுன் அதைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் 2002-இல் வகுத்த விதிப்படி, 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட அளவு 2.5-ஐ எட்டினால் முதலாளி தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. மழுங்கிய சங்கிலி அதிர்வை இன்னும் கூட்டும். தென்னையின் வெளிவைரம் சங்கிலியை விரைவில் மழுக்கிவிடும் என்பதால், அரம் பிடித்துக் கூர்தீட்டத் தெரிந்த ஒருவர் சங்கத்தில் அவசியம் இருக்க வேண்டும். மற்றபடி 16 முதல் 18 அங்குல வாள்தகடு நம் மரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். உதிரிச் சாமான் மதுரைக்குள் கிடைக்கிறதா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்ளவும். மலிவென்று வாங்கிய ஒரு தெளிப்பான், ஒரே ஒரு வளையம் கிடைக்காமல் மூன்று பருவம் நம் கொட்டகையில் கிடந்த கதையை நாம் மறக்கவில்லை.

அடுத்தது கால். வாள்தகட்டின் நுனியின் மேற்பகுதி மரத்தில் முட்டினால் வாள் அறுப்பவரை நோக்கி எகிறும். அதை நொடிக்குள் நிறுத்தும் சங்கிலித் தடை இல்லாத மிஷின் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். தொடையிலும் முழங்காலிலும் படும் வெட்டுக்கு ஒரு துணிக் கவசம் உண்டு. அதன் அமைப்பை அறிந்தபோது நெசவாளர் ஊரில் பிறந்த நமக்கு வியப்பாகவே இருந்தது. உறுதியான நீண்ட இழைகளைப் பல அடுக்காக உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். சங்கிலி பட்ட கணமே இழைகள் இழுபட்டு அதன் பல்சக்கரத்தில் சுற்றிச் சிக்கி மிஷினை நிறுத்திவிடும். நூல் சிக்கினால் தறி நிற்பதை நாள்தோறும் நொந்துகொள்கிறோம். அந்தச் சிக்கலே இங்கே உயிர் காக்கிறது! முழுக் கால்சட்டையாக அணிந்தால் நம் வெயிலுக்குத் தாங்காது. முன்புறம் மட்டும் மறைத்துக் கட்டுவதும் கிடைக்கிறது. சத்திரப்பட்டித் தறிகள் நெய்யும் மருத்துவத் துணிக்கு உலகமெங்கும் கிராக்கி உண்டு. நம் தோப்புகளிலும் அதற்குக் கிராக்கி ஏற்படுத்த வேண்டியதில்லை.

முக்கியமான கேள்வி இனித்தான் வருகிறது. வாடகைப் பணம் கட்டுபவர் அங்கத்தினர். மிஷினைப் பிடிப்பவரோ பெரும்பாலும் தினக்கூலிக்கு வரும் ஒருவர். அவருக்குச் சங்கத்தில் பங்கும் இல்லை, வாக்கும் இல்லை. விரல் மரத்தாலும் கால் அறுபட்டாலும் மறுநாள் வேறோர் ஆள் வருவார். இந்நிலையில் மிஷினை மட்டும் தூக்கிக் கொடுப்பது கூட்டுறவுக்கு அழகல்ல. பயிற்சி பெற்ற இருவரைச் சங்கமே அமர்த்தி, தலைக் கவசம், காது மூடி, கால் கவசம் ஆகியவற்றுடன் மிஷினோடு அனுப்ப வேண்டும். இருவரும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். விபத்துக் காப்பீட்டுத் தொகையை வாடகையிலேயே சேர்த்துவிட வேண்டும். வாடகை கூடிவிடுமே என்பர் சிலர். கூடத்தான் செய்யும். அதைக் கொடுக்க மனமில்லாதவருக்காகச் சங்கம் மிஷின் வாங்க வேண்டிய அவசியமில்லை.

செண்பகத்தோப்புப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு இன்னுமொரு சொல். 1988-இல் சரணாலயம் கண்டதும், 2021 முதல் புலிகள் காப்பகத்தில் அடங்கியதுமான அந்த மலைக்காட்டின் சாம்பல் நிற அணில்கள், எல்லை பார்த்து வாழ்வதில்லை. நம் மா, புளி மரங்களிலும் கூடு கட்டுகின்றன. கிளைவிட்டுக் கிளை தாவிச் செல்லும் அவற்றுக்கு இடையில் ஒரு மரம் விழுந்தாலும் வழி அறுந்துபோகும். சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு பெற்ற பிராணி அது. கைரம்பம் இழுத்த நாளில் அண்ணாந்து பார்க்க நேரம் இருந்தது. மிஷினோ சில நிமிஷங்களில் மரத்தைச் சாய்த்துவிடும். ஆகவே முடுக்குமுன் கூடு உண்டா என்று பார்க்கும் பொறுப்பையும் அவ்விருவரிடம் ஒப்படைக்கலாம். சந்தேகமானால் வனத்துறையாரைக் கேட்ட பின்னரே வாள் வைக்கலாம்.

இவ்வளவையும் நிர்வாகக் குழுவுக்கு எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறோம். மாற்று அபிப்பிராயம் உடைய அங்கத்தினர்கள் எழுதினால் அடுத்த இதழில் வெளியிடுவோம். மார்கழிக் குளிருக்கு அஞ்சும் அந்த அன்பருக்கு மட்டும், நம் சொந்தச் செலவில் ஒரு ஜோடிக் கையுறை வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.