ஓர் அடைப்புக்குறிக்கு ஒரு புள்ளியா?



வேதியியல் சோதனைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் தவறாமல் ஒரு முறையீடு வரும். "டீச்சர், எல்லாம் சரியாகத்தானே இருக்கு? அடைப்புக்குறி போடாததற்கா ஒரு புள்ளியைக் குறைத்தீர்கள்?" கால்சியம் ஹைட்ராக்சைடை அந்த மாணவர் சிஏஓஎச்₂ என்று எழுதியிருப்பார். அந்தப் புள்ளியை நான் கொடுப்பதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நீரிலிருந்து தொடங்குவோம். எச்₂ஓ என்பதில் உள்ள சிறிய 2, தனக்கு முன்னால் நிற்கும் எச்-ஐ மட்டுமே குறிக்கும். அதாவது இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். இந்த நீர் மூலக்கூற்றிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனி (எச்⁺) பிரிந்துவிட்டால் மீதம் இருப்பது ஓஎச்⁻. இதுதான் ஹைட்ராக்சைடு அயனி. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் பிரியாத ஜோடி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓர் எதிர் மின்னூட்டம்.

சோடியம் அயனிக்கு நேர் மின்னூட்டம் ஒன்று. அதற்கு ஒரு ஜோடி போதும்: என்ஏஓஎச். கால்சியம் அயனிக்கு இரண்டு. ஆகவே இரண்டு ஜோடிகள் வேண்டும்: சிஏ(ஓஎச்)₂. "ஜோடியைப் பிரிக்காமல் எண்ணு" என்பதே அடைப்புக்குறியின் கட்டளை.

அதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஓர் ஆக்சிஜன் அணு காணாமல் போகும். சரியான வாய்பாட்டின்படி சார்பு வாய்பாட்டு நிறை 40 + 2 × (16 + 1) = 74. உங்கள் வாய்பாட்டின்படி 40 + 16 + 2 = 58. இந்த 58-ஐ வைத்து மோல் கணக்கு போட்டால் அடுத்தடுத்த வரிகள் எல்லாம் தவறும். ஒரு புள்ளியோடு போகிற விஷயமா இது?

பாட்டி வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும், ஆய்வுக்கூடத்தில் கரிவளியைச் சோதிக்கும் சுண்ணாம்பு நீரும் இதே சிஏ(ஓஎச்)₂தான். 58 என்று கணக்கு காட்டும் சுண்ணாம்பு எந்தக் கடையிலும் கிடைக்காது!

குற்றம் மாணவர்களுடையது மட்டுமல்ல. வாய்பாட்டுப் பட்டியலைக் கொடுத்து, "மனப்பாடம் செய்" என்று சொல்லும் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் அதில் பங்குண்டு. மனப்பாடம் செய்தவருக்கு அடைப்புக்குறி வெறும் அலங்காரம், மறந்துபோவதில் வியப்பில்லை. பட்டியலை விடுங்கள். அயனிகளின் மின்னூட்டத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வாய்பாட்டை நீங்களே கட்டிவிடலாம்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வந்து, மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவியல் படிக்கத் தடுமாறுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. பாட மொழி மாறலாம், வாய்பாடு மாறாது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதித் தடுமாற்றம் குறையும்.

இன்றே ஒன்று செய்து பாருங்கள். அலுமினியம் அயனிக்கு நேர் மின்னூட்டம் மூன்று. அதன் ஹைட்ராக்சைடின் வாய்பாட்டை எழுதி, அணுக்களை எண்ணுங்கள். ஏழு வந்தால், அடுத்த சோதனையில் என்னிடம் முறையிட வேண்டிய அவசியம் உங்களுக்கு இருக்காது.