உழைச்செல்வார்

நோயுற்றார்க்குச் செய்யும் பணியே இறைபணி என்று மேடைதோறும் கேட்கின்றோம். செவிலியரைத் தெய்வம் என்பார் சிலர். வெள்ளுடைத் தேவதையர் என்பார் பலர். இப்புகழுரை பொய்யன்று, ஆயினும் அது போதாது. ஒருவரைத் தெய்வமாக்கியபின், அவர்க்கும் பசியுண்டு, களைப்புண்டு, வீட்டில் வழிநோக்கியிருக்கும் மகவுண்டு என்பதை மறந்துவிடுதல் எளிதாகின்றது. ஆதலின் செவிலியரின் அருள் எத்தகையது, அது நாள்தோறும் எவ்வாறு வெளிப்படுகின்றது, அது வாடாது நிற்றற்கு நாம் செய்யக்கடவது யாது என்னும் மூன்றனையும் ஈண்டு ஆராய்வாம்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றனோடு ‘உழைச்செல்வான்’ என ஒருவனையும் நான்காம் உறுப்பாக வைத்தார். உழை என்பது பக்கம். எனவே உழைச்செல்வான் என்பான் பக்கத்தே செல்பவன். அவன் கற்ற நூலைக்கொண்டோ, ஏந்திய கருவியைக்கொண்டோ வள்ளுவர் அவனுக்குப் பெயரிடவில்லை. நோயாளியின் அருகே செல்லும் அச்செயலைக்கொண்டே பெயரிட்டார். உரையாசிரியராகிய பரிமேலழகர் இவனுக்கு நான்கு பண்புகளை வகுத்துக் கூறினார். நோயாளியினிடத்து அன்புடைமை, மனமும் மொழியும் மெய்யும் தூயவாதல், சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவுடைமை என்பன அவை. அன்பை முதற்கண் வைத்தார். ஆயினும் அன்பொன்றே அமையும் என்றாரல்லர். மருந்தின் அளவு தவறினால் அன்பு காவாது. அறிவிருந்தும் அருகே செல்லாதார்க்கு அவ்வறிவு பயன்படாது.

இன்று நாம் வழங்கும் ‘செவிலி’ என்னும் சொல்லும் நினைக்கத்தக்கது. சங்கப் பாடல்களில் செவிலி என்பாள் தலைவியை வளர்த்த தாய். பெற்ற தாய்க்கு நற்றாய் என்று பெயர். பெறாத மகவைத் தன் மகவாகப் பேணுபவள் எவளோ அவளே செவிலி. இப்பழஞ்சொல்லை மருத்துவமனைப் பணிக்குச் சூட்டியது தமிழ் செய்த நற்செயல்களுள் ஒன்று. ஆடவரும் இன்று இப்பணியில் உளராதலின், செவிலியர் என்னும் பன்மை இருபாலார்க்கும் பொருந்துவதாயிற்று.

இனி, இவ்வன்பு எங்கே காணப்படும்? காவிரியின் கிளையாகிய அரசலாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்தது எம் காரைக்கால். ஆண்டுதோறும் ஆனித் திங்களில் அங்கு மாங்கனித் திருவிழா நிகழும். யான் கிறித்தவக் குடியிற் பிறந்தேனாயினும், அவ்விழாவின் பொருள் எனக்கும் உரியதென்றே எண்ணுகின்றேன். கணவன் அனுப்பிய மாங்கனி இரண்டு மனையில் இருந்தன. பசித்துவந்த அடியார்க்குச் சோறு ஆயிற்று, கறி ஆகவில்லை. புனிதவதியார் கறி அமையும்வரை அவரைக் காக்கவைத்தாரல்லர். கனியொன்றை எடுத்து இலையில் இட்டார். அருளென்பது பெரும்பொருள் ஈதலன்று. எதிர்நிற்பவரின் தேவையை அந்நொடியே காண்டலும், கையிலுள்ளதைக்கொண்டு அதனை நிறைத்தலுமே அருளாம். செவிலியர் பணி முழுவதும் இத்தகைய சிறு கனிகளால் ஆயது.

பொதுப் பிரிவொன்றின் இரவை மனக்கண்ணால் நோக்குவோம். ஊசியிடுமுன், ‘சற்று வலிக்கும், பாட்டி’ என்று உண்மையைச் சொல்லிவிட்டே இடுகின்றாள் ஒருத்தி. புண் கழுவுமுன் மறைப்புத் திரையை இழுத்துவிடுகின்றாள் மற்றொருத்தி. நோயாளிக்கு உடல் நலியலாம், மானம் நலியலாகாது என்பது அவள் சொல்லாது சொல்லும் பாடம். நீர் பருகலாகாதென விலக்கப்பட்டவரின் உதட்டை நனைத்த பஞ்சால் ஒற்றுகின்றாள். துணையற்ற முதியவரைப் பெயர்சொல்லி அழைக்கின்றாள். படுக்கை எண்ணால் அழைப்பதில்லை. கடமை மாறும் வேளையில், பணியேற்க வந்தவளிடம் மருந்தின் கணக்கை மட்டுமன்றி, ‘அந்த அம்மா மாலையிலிருந்து பேசவில்லை, பார்த்துக்கொள்’ என்பதையும் ஒப்படைக்கின்றாள். இவற்றுள் ஒன்றும் நாளிதழில் வாராது. ஆயினும் இல்லம் மீண்டவர் பல்லாண்டு நினைப்பன இவையே.

இச்சிறு செயல்கள் வெறும் இனிய நடத்தையோ எனின், அன்று. அவை உயிர்காக்கும் தொழிலறிவு. அசையவியலாத நோயாளி ஒரே பக்கமாகக் கிடப்பின், இடுப்பு, குதிகால், முதுகின் அடி ஆகிய எலும்பு புடைத்த இடங்களில் குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை அழுகும். இதுவே படுக்கைப்புண். ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை அவரைப் புரட்டிவிடுதலும், ஈரம் துடைத்தலும், சீலையின் சுருக்கம் நீக்குதலுமே அதனைத் தடுக்கும் வழிகளுள் தலையாயவை. பம்பாய்க் கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியாயிருந்த அருணா ஷான்பாக் 1973-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் கொடியவன் ஒருவனால் தாக்குண்டு, மூளை பழுதுற்று, தன்னுணர்விழந்தார். 2015-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் உயிர்நீங்கும் வரை, 41 ஆண்டுகளுக்கு மேலாக அம்மருத்துவமனையின் செவிலியரே அவர்க்கு உணவூட்டி, நீராட்டி, பேணி வந்தனர். அவர் பணிசெய்த காலத்தில் பிறந்தேயிராத இளஞ்செவிலியரும் அக்கடமையை ஏற்றனர். அவரைப் பார்வையிட்ட மருத்துவர் குழு அவர் உடலில் படுக்கைப்புண் இல்லையென்று குறித்தது. 2011-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் அச்செவிலியரை மனமாரப் பாராட்டிற்று. நன்றி கூறவும் இயலாத ஒருவரைப் பல்லாயிரம் முறை புரட்டிப் படுக்கவைத்த அக்கைகளைக் காட்டிலும் அருளுக்கு விளக்கம் வேண்டுமோ?

இத்தொழிலின் முன்னோடியாகிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நாம் ‘விளக்கேந்திய மாது’ என்று மட்டுமே அறிவோம். 1854-இல் ஸ்குட்டாரியின் படைமருத்துவமனையில் அவர் பணியேற்றது மெய்யே. ஆயினும் 1859-இல் அவர் வெளியிட்ட செவிலிப்பணிக் குறிப்புகளைப் பார்த்தால், அங்கே உருக்கமான சொற்கள் குறைவு; காற்றோட்டம், வெளிச்சம், படுக்கை, உணவு, தூய்மை என நுணுக்கமான பகுதிகளே மிகுதி. வேண்டாத ஓசை நோயாளியை வருத்தும் என்பதற்கே ஓர் இயல் வகுத்தார். பார்க்க வருவோர் ‘ஒன்றுமில்லை, சரியாகிவிடும்’ என்று பொருளின்றி ஆறுதலும் அறிவுரையும் பிதற்றுவதைக் கண்டிக்க மற்றோர் இயல் வகுத்தார். நோயாளியைக் கூர்ந்து நோக்குதலை இறுதி இயலாக வைத்தார். இரக்கமென்பது கண்ணீரன்று, கூர்ந்த நோக்கம் என்பதே அவர் கொள்கை எனலாம்.

மொழியும் இங்கே ஒரு மருந்தாம். பிரெஞ்சு ஆட்சி 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளோடு காரைக்காலைவிட்டு நீங்கியது. அதுவரை எம்மூரில் அலுவல் மொழி பிரெஞ்சு. இன்று மருத்துவர் எழுதும் ஏட்டின் மொழி ஆங்கிலம். நோயாளியின் மொழியோ அன்றும் இன்றும் தமிழ். கடற்கரைக் குப்பத்துத் தாய்க்கு, ‘இம்மாத்திரை உணவுக்குமுன், இது உணவுக்குப்பின், மறந்தால் இரண்டாகச் சேர்த்து விழுங்காதே, அம்மா’ என்று விளங்கச் சொல்பவர் செவிலியரே. தமிழ் பயிலும் நம்மினும் அவர்கள் தமிழுக்குச் செய்யும் தொண்டு குறைந்ததன்று.

இத்துணைச் சிறந்த பணியை நம் நாடு நெடுங்காலம் இழிவாக எண்ணிற்று. பிறர் மலமும் சீழும் தொடுவது தாழ்ந்தோர் செயல் என்னும் சாதிச் செருக்கால், பல குடும்பத்தார் தம் மகளிரை இதற்கு விடவில்லை. அக்காலத்தே வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பள்ளி எழுந்தது. 1946-இல் இந்தியாவில் முதன்முதல் செவிலியர் பட்டப்படிப்புத் தொடங்கிய இடங்களுள்ளும் வேலூர் ஒன்றாயிற்று. சீடரின் கால்களைக் கழுவிய நம் ஆண்டவர், கழுவும் கையை உயர்ந்த கையாக்கினார். அதனை நம்புவோம் என்பவர் இல்லங்களிலும், ‘நர்சு வேலைக்கா அனுப்புவது?’ என்னும் கேள்வி இன்னும் முற்றும் மாயவில்லை என்பது வருந்தத்தக்கது.

ஈண்டு ஒருவர் தடை நிகழ்த்தலாம்: ‘செவிலியர் எல்லாரும் இனியரோ? கடிந்து பேசுவாரையும் கண்டிருக்கின்றோமே’ என்று. உண்மை, கடுஞ்சொல்லும் ஒரு புண்ணே. மொழித்தூய்மையைப் பரிமேலழகர் இப்பணிக்குரிய பண்பாகவே வைத்தாராதலின், அதனை நியாயம் என்று யாம் சொல்லோம். ஆயினும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க. பொதுப் பிரிவில் ஆறு படுக்கைக்கு ஒரு செவிலி என்பது மத்திய அரசின் பணியாய்வுப் பிரிவு வகுத்த அளவு. முப்பது படுக்கைக்கு ஒருத்தியே நிற்பாளாயின், எட்டு மணி நேரத்தில் ஒரு நோயாளிக்கு அவள் தரக்கூடியது 16 நிமிடம். மருந்து கொடுத்தலும், ஏட்டில் எழுதுதலும், மருத்துவரோடு சுற்றிவருதலும் அதனுள்ளேயே அடங்க வேண்டும். இதில் புரட்டிப் படுக்கவைக்க நேரம் ஏது? பெயர்சொல்லி அழைக்க நேரம் ஏது? அருகே செல்வதே அருளாயின், அருகே செல்ல நேரமில்லாதபடி செய்வது அருளைக் கொள்ளையிடுவதாகும். அக்குற்றம் அவளுடையது மட்டுமன்று. அவ்வேற்பாட்டைச் செய்தாரும், அதனைக் கண்டும் வாளாவிருக்கும் நாமும் அதில் பங்காளிகள்.

‘அன்புக்குக் கூலி கேட்கலாமோ?’ என்பது மற்றொரு தடை. இதற்கு விடை நாம் நன்கறிந்த நல்ல சமாரியன் கதையிலேயே உளது. வழியிற் குற்றுயிராய்க் கிடந்தவனின் காயத்தைக் கட்டிய சமாரியனைப் போற்றுகின்றோம். மறுநாள் அவன் தன் வழியே சென்றான். பின்னர் அந்நோயாளியைப் பேணியவன் சத்திரக்காரன். சமாரியன் அவனிடம் ‘புண்ணியம் கிடைக்கும்’ என்று சொல்லிப் போய்விடவில்லை. இரண்டு காசு கொடுத்தான். மிகுதியாகச் செலவானால் மீண்டு வரும்போது தருவேன் என்றும் வாக்களித்தான். நாள்தோறும் பேணுபவனுக்கு உரிய ஊதியம் கொடுத்தலும் இரக்கத்தின் ஒரு பகுதி என்பதை இதனினும் தெளிவாகக் கூறல் இயலாது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் சம்பளத்தை ஆராய 2016-இல் உச்ச நீதிமன்றம் பணித்தவாறு அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் திங்களுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. கேரளம் 2018-இல் அவ்வளவை அடிப்படைச் சம்பளமாக அறிவித்தது. அத்தொகையைக் காணாத செவிலியர் பிறவிடங்களில் இன்றும் உளர்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள் மாலை நாடெங்கும் வாயிலில் நின்று கைதட்டினோம். அவ்வாண்டு மே 3-ஆம் நாள் மருத்துவமனைகளின்மேல் வானூர்திகள் மலர் தூவின. கொள்ளைநோய்க் காலத்து அந்நன்றி நல்லதே. ஆயினும் மலர் ஒருநாளில் வாடிவிடும். எம்மூரில் இன்று அரசு மருத்துவமனை உண்டு. 2016 முதல் ஜிப்மரின் கிளைக் கல்லூரியும் நடைபெறுகின்றது. கட்டடமும் கருவியும் பெருகுதல் நன்று. அவற்றோடு உழைச்செல்வாரின் தொகையும் ஊதியமும் பெருகுதல் வேண்டும். இல்லையேல் நான்கு கால்களுள் ஒன்று குறைந்த கட்டிலாகவே நம் மருத்துவம் நிற்கும்.

கல்லூரி மாணவராகிய நாம் செய்யக்கூடியனவும் சில உள. நோயாளியைக் காணச் செல்லுங்கால் கூட்டமாய்ச் சென்று ஆரவாரம் செய்யாதிருத்தல் ஒன்று. செவிலியரை ‘ஏ, இங்கே வா’ என்னாது ‘சிஸ்டர்’ என்றேனும் ‘அம்மா’ என்றேனும் மதித்தழைத்தல் ஒன்று. நம் தங்கையோ தம்பியோ இப்பணியை விரும்பினால் மகிழ்ந்து அனுப்புதல் ஒன்று. நாளை நம்முட் சிலர் மருத்துவமனையை நடத்துவோராகவும், சட்டம் இயற்றுவோராகவும் ஆதல் கூடும். அன்று ஒரு செவிலிக்கு எத்தனை படுக்கை என்னும் கேள்வியை மறவாது கேட்டல் யாவற்றினும் தலையாயது.

நோய் எவரையும் விடுவதில்லை. என்றேனும் ஓரிரவு நாமும் உறக்கமின்றிக் கிடப்போம். அப்போது நம் அருகே வருவாரின் கை நடுங்காதிருக்கவும், அவர் முகத்தில் சலிப்பு இல்லாதிருக்கவும் வேண்டுமாயின், அதற்குரிய ஏற்பாட்டை உடல்நலத்தோடு இருக்கும் இன்றே செய்துவைத்தல் நம் கடன். உழைச்செல்வார் வாழ்க, அவர்தம் பணி ஓங்குக.