நான்கு சுவருக்குள் சொன்னால் அது சாதி இல்லையா?

"எல்லார் எதிர்லயும் சொல்லலக்கா. ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டுத்தான் சொன்னாரு."

தாம்பரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் களப்பணி செய்யும் எங்களிடம் வருகிறவர்கள் பலர் இந்த வரியைச் சொல்லியிருக்கிறார்கள். குரோம்பேட்டைத் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் தங்கையும் சொல்வார். ஏற்றுமதி கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கும் தம்பியும் சொல்வார். ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிப் பொறியாளரும் அதையேதான் சொல்வார். சொல்லிவிட்டு, "நல்லவேளை, யாரும் பார்க்கல" என்று ஒரு பெருமூச்சு. முன்பெல்லாம் நாங்களும் அதை ஆறுதலாகவே எடுத்துக்கொண்டோம். இப்போது அந்த வரியைக் கேட்டாலே எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

காரணம், 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு. வழக்கு நம் தமிழ்நாட்டு வழக்கு, திருச்சி மாவட்டம் லால்குடி பக்கத்தது. 2021 செப்டம்பர் 2 அன்று வருவாய்த் துறை அலுவலகத்துக்குப் பட்டா விவகாரமாக ஒருவர் வருகிறார். அங்கே பணியில் இருந்த வருவாய் ஆய்வாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். வந்தவர் தன்னைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார் என்பது ஆய்வாளரின் புகார். சத்தம் கேட்டு சக ஊழியர்கள் மூவர் வந்து சமாதானம் செய்து அனுப்பினார்கள். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, குற்றப்பத்திரிகையும் தாக்கலானது. அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

திட்டினாரா இல்லையா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. புகாரில் சொன்னதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், சம்பவம் நடந்தது அலுவலக அறையின் நான்கு சுவருக்குள். சக ஊழியர்கள் வந்தது அதற்குப் பிறகு. எனவே இது "பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம்" ஆகாது, சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் பொருந்தாது. இதுதான் தீர்ப்பு.

நீதிபதிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அந்தச் சொற்கள் இருக்கின்றன. 2008இல் ஸ்வரண் சிங் வழக்கிலும், 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதே சொற்களைத்தான் விளக்கியது. தெரு, கிணற்றடி, டீக்கடை, கோயில் வாசல் என்று ஊர் கூடும் இடத்தில் நடக்கும் அவமானத்தை மனதில் வைத்து எழுதிய சொற்கள் அவை. கிராமத்தில் சாதி தன்னைக் காட்டிக்கொள்ளவே திட்டும். நாலு பேர் பார்த்தால்தான் அதற்குத் திருப்தி.

ஜி.எஸ்.டி. சாலையோரம் சாதி அப்படி நடந்துகொள்வதில்லை. அது இன் பண்ணிய சட்டையோடு வரும். முதல் நாள் "சொந்த ஊர் எது?" என்று கேட்கும், இரண்டாம் நாள் "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்கும். பெரும்பாக்கம், கண்ணகி நகர் முகவரி என்றால் "ஹவுசிங் போர்டா?" என்று இழுக்கும். இருபது பேர் இருக்கும் இடத்தில் கழிவறை அடைப்பு எடுக்க மட்டும் ஒருவரைத் தேடிவந்து கூப்பிடும். மீட்டிங்கில் சிரித்துப் பேசும். தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு "உங்க ஆளுங்களுக்கெல்லாம் வேலை கொடுத்தா இப்படித்தான்" என்று சொல்லும்.

படிப்பும் பதவியும் வந்தால் இது போய்விடும் என்று நம் வீடுகளில் நம்பினார்கள், நாங்களும் நம்பினோம். லால்குடி வழக்கில் புகார் கொடுத்தவர் தன் சொந்த அலுவலகத்தில், தன் சொந்த நாற்காலியில் இருந்தவர். 2022 மார்ச்சில் முதுகுளத்தூர் வட்டார வளர்ச்சி அலுவலர், அமைச்சர் ராஜகண்ணப்பன் தன்னை வீட்டுக்கு வரவழைத்துச் சாதியைச் சொல்லித் திட்டியதாகக் குற்றம் சாட்டினார். அதுவும் கதவுக்கு உள்ளே நடந்ததுதான். அலுவலர் வெளியே வந்து பேசினார். சில நாட்களில் அமைச்சரிடமிருந்து போக்குவரத்துத் துறை போனது, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை வந்தது. பி.டி.ஓ. பதவியில் இருப்பவருக்கே இந்த நிலை என்றால், மாதச் சம்பளத்தை நம்பி முடிச்சூரில் வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்?

திண்டிவனம் சம்பவத்தையும் பாருங்கள். 2025 செப்டம்பர் தொடக்கத்தில், நகராட்சி அலுவலகத்தில் ஒரு தலித் இளநிலை உதவியாளர் பெண் கவுன்சிலரின் காலில் விழும் காட்சி வெளியானது. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. மறுதரப்புக்கும் ஒரு வாதம் உண்டு, அதை நீதிமன்றம் பார்க்கட்டும். நாங்கள் கேட்பது ஒன்றுதான். அதுவும் ஓர் அறைக்குள் நடந்ததுதானே? அந்த அறையில் ஒரு கேமரா இருந்ததால் நாடு பார்த்தது. கேமரா இல்லாத அறைகளில் நடப்பதை யார் பார்ப்பது?

"பொதுப் பார்வை என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால் பொய் வழக்கு பெருகும்" என்பார்கள். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை. மேலாளரின் ஒவ்வொரு கோபத்துக்கும் ஜெயில் என்று நாங்கள் கேட்கவில்லை. அறைக்குள் நடப்பதை விசாரிக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்கிறோம். அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும், அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். "யார் பார்த்தார்கள்?" என்பது அங்கே புகாரை ஏற்பதற்கான நிபந்தனை அல்ல. தனியறையில்தான் அது நடக்கும் என்பதை அந்தச் சட்டம் புரிந்துகொண்டது.

அந்தச் சட்டத்தின் வேரில் இருப்பதும் சாதிதான். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் வேலையைச் செய்ததற்காக 1992இல் ராஜஸ்தானில் ஆதிக்கச் சாதி ஆண்களால் வன்கொடுமைக்கு ஆளான பன்வாரி தேவி, குயவர் சமூகத்தைச் சேர்ந்த ஊழியர். அந்தக் கொடுமையை அடுத்து எழுந்த வழக்கில்தான் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது, அதிலிருந்து 2013 சட்டம் வந்தது. சாதி இழிவுக்கும் அப்படி ஒரு குழு ஏன் இருக்கக் கூடாது? மாநில அரசு மனம் வைத்தால் தன் அலுவலகங்களிலிருந்தே தொடங்கலாம். சட்டம் மாறாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வன்கொடுமைச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியபோது, ஏப்ரல் 2 அன்று நம் மக்கள் நாடெங்கும் தெருவில் இறங்கினார்கள். அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது.

சட்டம் மாறும்வரை என்ன செய்வது? எங்களிடம் வருகிறவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் சொல்கிறோம்.

அன்று இரவே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே. வாசலில் யார் நின்றார்கள், கதவு திறந்திருந்ததா, உள்ளே வேறு யார் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். உங்கள் மெயிலுக்கே அனுப்பி வைத்தால் தேதி பதிவாகிவிடும். உறவினர், நண்பர் அல்லாத வெளியார் அங்கே இருந்தால், கட்டடத்துக்குள் நடந்தாலும் அது குற்றமே என்று ஸ்வரண் சிங் தீர்ப்பு சொல்கிறது. அதனால் அந்த ஒரு வரி உங்கள் வழக்கின் உயிராக இருக்கலாம்.

அடுத்த முறை தனியாகக் கூப்பிட்டால் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். முடியாவிட்டால் கதவைத் திறந்தே வையுங்கள்.

கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எச்.ஆர். எழுதச் சொல்வார்கள். நாளைக்கு அந்தக் காகிதமே உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மத்திய அரசு அலுவலகம் என்றால் பட்டியல் சாதியினருக்கான தொடர்பு அலுவலர் இருப்பார், அவருக்கும் ஒரு நகல். மாநில, தேசிய ஆணையங்களுக்கும் அனுப்புங்கள். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்பதுதான் அந்த 18ஏ. வழி தெரியாவிட்டால் 14566 என்ற வன்கொடுமைத் தடுப்பு உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் இருந்தால் 14416க்கு அழைத்துப் பேசுங்கள், அது மனநல உதவி எண். வெட்கப்பட வேண்டியது திட்டியவர். நாம் ஏன் தலையைக் குனிய வேண்டும்?

கடைசியாக ஒன்று, இது நம்மவர்களுக்கு அல்ல. பக்கத்து இருக்கையில் வேலை செய்யும், சாதி பார்க்காதவர் என்று தன்னை நம்பும் நண்பருக்கு. லால்குடி அலுவலகத்தில் மூன்று பேர் வந்தார்கள், ஆனால் எல்லாம் முடிந்த பிறகு வந்தார்கள். நீங்களும் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறீர்கள். டீ வாங்கிக் கொடுத்து, "விடு மச்சான், அவன் அப்படித்தான்" என்கிறீர்கள். உங்கள் அன்பில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் சட்டம் கேட்கும் "பொது" நீங்கள்தான். மூடிய கதவுக்குள் சத்தம் கேட்கும்போதே தட்டிவிட்டு உள்ளே வாருங்கள். கேட்டதை நாளைக்குக் கேட்டேன் என்று சொல்லுங்கள்.

ஜெய்பீம்.