எண்ணிட்ட கல்லறைகளும் எதிர்வீட்டு அடுப்பும்

ஜார்ஜியா மாநிலத்து மில்லெட்ஜ்வில்லை நாம் ஃப்ளானரி ஓ'கானரின் ஊராகத்தான் அறிந்திருக்கிறோம். அவர் மயில் வளர்த்த பண்ணை, நோயோடும் தாயோடும் கழிந்த கடைசிப் பதின்மூன்று ஆண்டுகள், 1964இல் 39 வயதில் நேர்ந்த மரணம், மெமரி ஹில் இடுகாட்டில் பெயர் பொறித்த கல். வாசகர்கள் தேடிப்போய் அந்தக் கல்லருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்லது. அதே ஊரில் இன்னொரு நிலத்தில் சுமார் 25,000 பேர் புதைக்கப்பட்டிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அங்கே யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை. நின்று எடுக்கக் கல் இல்லை.

1842இல் திறக்கப்பட்ட மாநில மனநல மருத்துவமனையின் இடுகாடு அது. பித்தர், மூடர், வலிப்பு நோயாளர் காப்பகம் என்ற பொருளில் ஒரு காலத்தில் அதற்குப் பெயர் இருந்தது. 1960களில் ஒரே வளாகத்தில் 12,000 பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். செத்தவர்களைப் புதைத்த இடத்தில் எண் பொறித்த இரும்புக் கம்பி ஒன்றை நட்டார்கள், பெயர் கிடையாது. பின்னர் புல்வெட்டும் எந்திரம் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக அந்தக் கம்பிகளையும் பிடுங்கி எறிந்தார்கள். முதலில் பெயரை எடுத்துக்கொண்டு எண்ணைக் கொடுத்தார்கள். பிறகு எண்ணையும் பிடுங்கிக்கொண்டார்கள். 1997இல் அங்கே வந்து பார்த்து, இதைச் சீரமைத்தே தீருவோம் என்று கிளம்பியவர்கள் அரசாங்கத்தாரோ வரலாற்றுப் பேராசிரியர்களோ அல்லர். தாமே மனநல சிகிச்சை பெற்றவர்கள். கிடைத்த கம்பிகளில் சுமார் இரண்டாயிரத்தைச் சேர்த்து ஓரிடத்தில் வரிசையாக நட்டு நினைவிடமாக்கினார்கள். எந்த எண் எந்தக் குழிக்கு உரியது என்பது போனது போனதுதான்.

இதுபோன்ற இடுகாடுகளைப் பராமரிப்பதோடு, சுற்றுவட்டாரத்தில் வறுமையில் வாடும் குடும்பங்களுக்கும் உதவுவது என்று இரண்டு வேலைகளையும் ஒன்றாக மேற்கொள்ளும் சிறிய அறக்கட்டளை முயற்சிகளைப் பற்றி அண்மையில் நண்பர்களிடையே பேச்சு வந்தது. ஒரு நண்பர் சிரித்தார். "இதென்ன சேர்மானம்? ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் சோற்றுப் பானையா? உயிரோடு இருப்பவனுக்கே வழியில்லை. பிணத்துக்குப் பெயர்ப்பலகை எதற்கு? இரண்டில் ஒன்றைச் செய்யட்டும்" என்றார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அன்று பதில் சொல்லத் தோன்றவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் கோபம் வந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கோபத்தில் எழுதியது.

நண்பரின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்ஸன் நகரில், பழைய பைத்தியக்கார விடுதி இருந்த நிலத்தில் இன்று பல்கலைக்கழக மருத்துவ மையம் நிற்கிறது. 2012இல் அங்கே சாலை போட மண்ணைத் தோண்டியபோது 66 சவப்பெட்டிகள் வெளிப்பட்டன. நிலத்தடியில் ஏழாயிரம் உடல்கள் வரை இருக்கலாம் என்றும், ஓர் உடலை முறைப்படி அகழ்ந்தெடுத்து வேறிடத்தில் புதைக்க மூவாயிரம் டாலர் ஆகும் என்றும் கணக்குப் போட்டார்கள். மொத்தம் இரண்டு கோடியே பத்து லட்சம் டாலர். நாட்டின் மிக ஏழ்மையான மாநிலங்களுள் ஒன்றில் இவ்வளவு பணத்தை எலும்புகளுக்காகச் செலவழிப்பதா என்று ஒருவர் கேட்டால் அவரைக் கல்நெஞ்சர் என்று ஏசிவிட முடியாது. ஆனால் அந்தச் செலவு இறந்தவர்களுக்காகப் போட்ட கணக்கா என்று பாருங்கள். நிலம் கட்டடத்துக்குத் தேவைப்பட்டது. எலும்புகள் இடைஞ்சலாக இருந்தன. இடைஞ்சலை அகற்றும் செலவை இறந்தவர்களின் பேரில் எழுதுவது, வாடகைக்காரனைக் காலி செய்ய வைத்துவிட்டு வண்டிச் சத்தத்தையும் அவன் தலையில் கட்டுவது போன்றது.

இனி அந்தச் சேர்மானத்துக்கு வருகிறேன். இந்தக் குழிகளில் கிடப்பவர்கள் யார்?

நியூயார்க் மாநிலத்தில் செனகா ஏரிக்கரையில் வில்லார்ட் காப்பகம் இருந்தது. 1860களில் அந்த மாநிலத்தின் ஏழைகள் விடுதிகளில் மனநோயாளிகள் எந்த நிலையில் கிடக்கிறார்கள் என்று சில்வெஸ்டர் வில்லார்ட் என்ற மருத்துவர் விசாரித்து அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையின் விளைவாக 1865இல் சட்டம் இயற்றி, 1869இல் காப்பகத்தைத் திறந்தார்கள். சட்டம் யாருக்காக என்பதை மறைக்கவே இல்லை: தீராத மனநோய் கொண்ட ஏழைகளுக்காக. அதாவது, காப்பகம் என்பதே ஏழ்மையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அரசு கண்டுபிடித்த விடை. வசதி படைத்த குடும்பத்துப் பித்தனுக்கு மாடியில் ஓர் அறை இருந்தது, அல்லது தனியார் இல்லம் இருந்தது. செத்தால் குடும்பக் கல்லறையில் இடமும் இருந்தது. அறை இல்லாதவன் ஏரிக்கரைக்குப் போனான். அங்கே இறந்தபோது செய்தி ஊருக்குப் போயிருக்கும். உடலை எடுத்துவர ரயில் கட்டணம் வேண்டும், பெட்டி வேண்டும், குழிக்கு இடம் வேண்டும். கூலிவேலை செய்யும் வீட்டில் அது எத்தனை மாத வருமானம்! கடல் கடந்து வந்த குடியேறிகளுக்கோ செய்தி போய்ச் சேரவே வீடு இல்லை. "குடும்பம் கைவிட்டது" என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வெட்கத்தால் கைவிட்ட குடும்பங்கள் இருந்தன; மறுக்கவில்லை. ஆனால் கை இல்லாததால் விட்ட குடும்பங்கள் அவற்றினும் மிகுதி என்றே நான் நினைக்கிறேன். 1995இல் மூடப்பட்ட வில்லார்டின் இடுகாட்டில் 5,776 பேர் கிடக்கிறார்கள். அந்த 5,776 குழிகளையும் ஓர் ஊரின் வறுமைக் கணக்காகப் படிக்கத் தெரியாதவர்தான், இறந்தவனா பசித்தவனா என்று கேட்பார்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் காப்பகங்களின் வயலையும் மாட்டுத் தொழுவத்தையும் சலவைச் சாலையையும் தையற்கூடத்தையும் நடத்தியவர்கள் நோயாளிகளே; பெரும்பாலும் கூலியின்றி. அவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளிக்க 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்ததும் பல காப்பகங்கள் கூலி கொடுக்கவில்லை, வேலையை நிறுத்திவிட்டன. மில்லெட்ஜ்வில் போன்ற ஊர்கள் நூறாண்டுக்கு மேல் அந்தக் காப்பகத்தின் சம்பளத்தில் உண்டு வளர்ந்தவை. தாத்தா காவல், பாட்டி சமையல், மகள் தாதி என்று வீட்டுக்கு வீடு சம்பளம். 2010இல் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தபோது ஊரின் அடுப்புகளும் சேர்ந்தே குளிர்ந்தன. வில்லார்டில் காப்பகம் போனபின் அதே வளாகத்தில் போதை மீட்புச் சிறைக்கூடம் நடந்தது. அதுவும் 2022இல் மூடப்பட்டது. ஆகவே இடுகாட்டு வேலிக்கு உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் ஒரே நிறுவனத்தால் ஆக்கப்பட்டு, ஒரே நிறுவனத்தால் கைவிடப்பட்டவர்கள். மண்வெட்டியையும் சோற்றுப் பானையையும் ஒருவரே தூக்குவதில் என்ன விந்தை? தூக்காமல் இருந்தால்தான் விந்தை.

அடுத்து, அரசாங்கங்கள் சொல்லும் காரணம். நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். ஆகவே கல்லில் பெயர் கூடாது. கேட்க எவ்வளவு கண்ணியமாக இருக்கிறது! நியூயார்க் மாநிலத்தின் மனநல அலுவலகம் இந்தக் காரணத்தைச் சொல்லியே வில்லார்ட் இடுகாட்டுப் பெயர்களை ஆண்டுக்கணக்கில் தர மறுத்தது. உயிரோடு இருந்த காலத்தில் குளிக்கும்போதுகூடத் தனிமை தராத நிறுவனம், செத்தபின் அந்தரங்கம் காக்கக் கிளம்பியது. இத்தனைக்கும் அமெரிக்காவின் மருத்துவ அந்தரங்கச் சட்ட விதிகளையே 2013இல் திருத்தி, இறந்து 50 ஆண்டுகள் கடந்தவரின் தகவலுக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டியதில்லை என்று ஆக்கிவிட்டார்கள். நியூயார்க் தன் மாநிலச் சட்டத்தைக் காட்டியது. யாருடைய மானத்தைக் காக்க? இறந்தவருக்கு மனநோய் இருந்தது வெட்கப்பட வேண்டிய செய்தி என்று முன்பே முடிவு செய்துகொண்டால்தான் அதை மறைப்பது அவருக்குச் செய்யும் உபகாரமாகும். காசநோயில் செத்தவனின் பெயரைக் கல்லில் எழுத யாரும் அனுமதி கேட்பதில்லை.

லாரன்ஸ் மோக்கா கதையைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசிலிருந்து நியூயார்க்குக்கு வந்து சன்னல் துடைத்துப் பிழைத்தவர். 1918இல் வில்லார்டுக்கு அனுப்பப்பட்டார்; 1968இல், 90 வயதில், அங்கேயே இறந்தார். ஐம்பது ஆண்டுகள். அதில் சுமார் முப்பது ஆண்டுகள் அந்த இடுகாட்டின் வெட்டியான் அவர்தான். சக நோயாளிகளுக்காக அவர் வெட்டிய குழிகள் 1,500க்கு மேல். கடைசியில் அதே நிலத்தில் பெயரின்றிப் புதைக்கப்பட்டார். அவருக்கு ஒரு நினைவுப் பலகை வைக்க விரும்பிய உள்ளூர்த் தன்னார்வலர்கள் அவர் பெயரைப் பொறிக்கும் அனுமதிக்காக அலுவலகத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். 2015இல்தான் பலகை வந்தது. ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக் கல் நட்டுப் பெயர் எழுதிய மரபு நம்முடையது என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் நாமும் வில் பிடித்தவனுக்குத்தான் எழுதினோம்; குழி வெட்டியவனுக்கு எழுதியதாக நினைவில்லை.

பெயரை வெளியிட்டால் குடும்பங்கள் கொதித்தெழும் என்ற அச்சம் மெய்யா? ஆரிகான் மாநிலத்தைப் பாருங்கள். 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' படமாக்கப்பட்ட அதே சேலம் நகர மருத்துவமனை. 2004இல் அங்கே ஒரு கொட்டகையைத் திறந்து பார்த்த சட்டமன்ற உறுப்பினர்கள், எரியூட்டப்பட்ட நோயாளிகளின் சாம்பல் அடைத்த செப்புக் குப்பிகளை அடுக்கடுக்காகக் கண்டார்கள். மூவாயிரத்துக்கு மேல். அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தி, 2011இல் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. வானம் இடிந்து விழவில்லை. பேரன்களும் கொள்ளுப் பேத்திகளும் வந்தார்கள். நூற்றுக்கணக்கான குப்பிகள் வீடு போய்ச் சேர்ந்தன. மினசோட்டாவில் 1994 முதல், காப்பகங்களில் வாழ்ந்து வெளிவந்த மாற்றுத்திறனாளிகளே முன்னின்று நடத்திய இயக்கம் ஆயிரக்கணக்கான எண் கற்களின் இடத்தில் பெயர்க் கற்களை வைத்தது. 2010இல் அந்த மாநிலச் சட்டமன்றம் முறைப்படி மன்னிப்பும் கேட்டது. மன்னிப்பால் ஆவதென்ன என்று என் நண்பர் கேட்பார். கேட்டவர்களுக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நம் போன்ற வாசகர்கள் மீதும் எனக்கு ஒரு புகார் உண்டு. ஆரிகானின் செப்புக் குப்பிகளில் பூத்த நீலப் பச்சைக் களிம்பை டேவிட் மைசெல் எடுத்த படங்களைப் பார்த்து உருகினோம். வில்லார்டின் பரணில் கிடைத்த சுமார் 400 பயணப் பெட்டிகளைப் பற்றிப் படித்து உருகினோம். பாழடைந்த காப்பகங்களின் படிக்கட்டுகளும் உரிந்த சுவர்ச் சாயமும் நமக்கு அழகியல் ஆகிவிட்டன. ஓ'கானர் தம் கதை ஒன்றில், பித்தர் விடுதியில் அடைபட்ட கொலைகாரனை ஞானியாகக் கற்பித்துக்கொண்டு தரிசிக்கப் போகும் இரண்டு இளம் அறிவுஜீவிகளைக் கிழி கிழி என்று கிழித்திருப்பார். நமக்கும் அதில் பங்குண்டு. உருகுவதற்கு ஒரு பெட்டி போதும். பெயர் கண்டுபிடிப்பதற்கு அடக்கப் பதிவேட்டையும் மரணச் சான்றிதழையும் மக்கள்தொகைக் கணக்கேட்டையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், முன்னாள் தாதிகள், பள்ளிப் பிள்ளைகள். அப்படித் தேடிக்கொண்டே போனால் சில வேளைகளில் அந்தத் தடம் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி, குளிர்காலத்தில் வெப்பமூட்டும் கட்டணத்தைக் கட்ட முடியாத ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்கும். அப்போது கதவைத் தட்டி, "உங்கள் கொள்ளுப் பாட்டியின் குழி எண் கிடைத்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாமா?

நண்பர் மறுப்பு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதட்டும். எழுதும்போது, கல்லுக்குச் செலவாகாமல் மிச்சமான அந்தப் பணம் இத்தனை காலம் எந்தப் பசித்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்து எழுதட்டும்.