தழையா, சூடா?

'பாட்டி காலத்து நொச்சிக்கு எலிச் சோதனை எதற்கு?' என்கிறார்கள். தஞ்சாவூரில் இருந்துகொண்டே இப்படிக் கேட்பதுதான் வருத்தம். மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தன்வந்திரி மகாலில் வைத்தியர்களைக் கூட்டி மருந்துகளை ஆராயச் செய்த ஊர் இது.

நடவு முடித்துக் கரையேறும் எங்கள் அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டே உட்காருவார். நொச்சித்தழை கொதித்த வெந்நீரை ஊற்றியதும் முகம் தெளியும். வலியைத் தணித்தது தழையா, சூடா? கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. 55 டிகிரி சூட்டுத் தட்டில் விட்ட சுண்டெலி எத்தனை விநாடியில் பாதத்தை நக்குகிறது என்று, சாறு கொடுத்ததையும் கொடுக்காததையும் ஒப்பிட்டால் தெரியும். வில்லோ மரப்பட்டையும் ஒரு காலத்தில் கைவைத்தியம்தான். அதன் சாரத்தைப் பிரித்து ஆராய்ந்த வழியில்தான் 1897-இல் ஆஸ்பிரின் வந்தது.

நொச்சிச் சாற்றை உள்ளுக்கும் குடிக்கச் சொல்கிறார்களே, எவ்வளவு, எத்தனை நாள், வயிற்றுப்புண்காரருக்கு ஆகுமா? அத்தைக்கு நான் என்ன சொல்லட்டும்?